கொல்லையில் வெட்டப்போகும் பலாவையும் மாவையும் சொந்தமாக அறுத்துக் கொட்டகை போட முடியுமா?

கொல்லைப்புறம் | சனிக்கிழமை, இரவு 9.40

சிங்கப்பூரில், செராங்கூன் பக்கம் மாமனாரின் தரைவீட்டில் இருக்கிறோம். பின்கொல்லையில் ஒரு பலா, ஒரு மா. இரண்டும் வீடு கட்டிய காலத்தில் வைத்தவை. மா பக்கத்து வீட்டு ஓட்டின் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது. பலாவின் வேர் வடிகாலைத் தூக்கிவிட்டது. அடுத்த மாதம் இரண்டையும் வெட்டுவதாக முடிவாகிவிட்டது. வெட்டுபவர் சொன்ன தொகையில், துண்டுபோட்டு லாரியில் அள்ளிச் செல்வதும் அடக்கம். கட்டைகளை இங்கேயே விட்டுவிட்டால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டேன். மனிதர் சிரித்தார்.

என் எண்ணம் இதுதான்: அந்த மரங்களையே பலகையாக அறுத்து, அதே இடத்தில் 3 மீட்டருக்கு 2.4 மீட்டரில் ஒரு கொட்டகை. உள்ளே கருவிகள், மிதிவண்டிகள், ஒரு வேலை மேசை. பலாவின் அடிமரம் குறுக்கே சுமார் 45 செ.மீ., கிளை பிரிவதற்கு முன் நேராக 2 மீட்டர் இருக்கிறது. மா 60 செ.மீ., 2.4 மீட்டர், ஆனால் சாய்வு. சங்கிலி ரம்பத்தில் சட்டம் பொருத்திப் பலகை அறுப்பதைக் காணொளிகளில் பார்த்தேன். இங்கே யாராவது செய்திருக்கிறீர்களா?

இரும்புக்கொட்டகை | சனிக்கிழமை, இரவு 10.15

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ரம்பம், சட்டம், சங்கிலி, எண்ணெய், காதுக்கு மூடி, அண்டை வீட்டாருக்குச் சமாதானம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். துத்தநாகம் பூசிய தகட்டுக் கொட்டகை ஒரு நாளில் நின்றுவிடும். கரையானும் வராது.

மரவாடி | ஞாயிற்றுக்கிழமை, காலை 7.05

சுங்கை காடுட் மரவாடிகளில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். தகட்டுக் கொட்டகை நண்பர் சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதியைப் பேசுவோம்.

முதலில் அரசாங்க விதி. மரப் பாதுகாப்புப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்கள் தீவில் இரண்டு: நடுப்பகுதியில் ஒன்று, சாங்கியில் ஒன்று. அதற்குள் வீடு இருந்தால், தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு 1 மீட்டருக்கு மேல் உள்ள எந்த மரத்தையும் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது. சொந்தக் கொல்லை என்பது அங்கே செல்லாது. உங்கள் பலாவின் குறுக்களவே 45 என்றால் சுற்றளவு 1.4 மீட்டர். வெட்டுபவர் பார்த்துக்கொள்வார் என்று விடாமல் நீங்களே வரைபடத்தைப் பாருங்கள். கொட்டகைக்கும் அப்படித்தான், எல்லைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும், விண்ணப்பம் வேண்டுமா என்பதையெல்லாம் ஒரு கட்டடக்கலைஞரிடமோ பொறியாளரிடமோ கேட்ட பிறகே தரையில் கோடு போடுங்கள்.

அடுத்தது வெட்டுபவரிடம் சொல்ல வேண்டியது. பேசாமல் விட்டால் அரை மீட்டர்த் துண்டுகளாகப் போட்டுவிடுவார். அவருக்குத் தூக்க வசதி. "இந்த இரண்டு அடிமரத்தை முழு நீளத்தில் இறக்குங்கள்" என்று எழுத்திலேயே கேளுங்கள். மா 60 செ.மீ., 2.4 மீட்டர் என்றால் 0.68 கன மீட்டர். பச்சைக் கட்டை 600 கிலோவுக்குக் குறையாது. அதை உருட்டிப் பார்க்கலாம் என்று மைத்துனர்களைக் கூப்பிடாதீர்கள். பாரந்தூக்கி லாரி எப்படியும் வரும். அது நிற்கும்போதே கட்டையைச் சரியான இடத்தில், தரையில் படாமல், இரண்டு குறுக்குக் கட்டைகளின் மேல் வைக்கச் சொல்லிவிடுங்கள்.

இறக்கிய அன்றே இரு முனைகளிலும் மெழுகோ கெட்டியான பெயின்டோ பூச வேண்டும். முனை வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அங்கிருந்துதான் வெடிப்பு தொடங்கும். நாளைக்குப் பூசலாம் என்று விட்டால் வெடிப்பு உள்ளே ஓடிவிடும். பிறகு பூசுவது அழகுக்குத்தான்.

ரம்பச்சத்தம் | ஞாயிற்றுக்கிழமை, காலை 11.30

நான் செய்திருக்கிறேன். இங்கே இல்லை, மலேசியாவில், கூலாயில் சித்தப்பாவின் தோட்டத்தில். ரப்பர் தோட்டம் நடுவே கத்தினாலும் கேட்க ஆள் இல்லாத இடம். சிங்கப்பூர்த் தரைவீட்டு வரிசையில் அந்தச் சத்தத்தை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. ரம்பம் பாடும்போது 110 டெசிபெலைத் தொடும், அதுவும் ஒரு பலகைக்குப் பல நிமிடம் இடைவிடாமல்.

முறை எளிதுதான். முதல் வெட்டுக்கு மட்டும் கட்டையின் மேல் ஓர் அலுமினிய ஏணியைத் திருகி, மட்டம் பார்த்து வைக்க வேண்டும். சட்டம் அந்த ஏணியின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். மேல் ஓடு கழன்றதும் தட்டையான முகம் கிடைத்துவிடும். அடுத்தடுத்த வெட்டுகளுக்கு அந்த முகமே தண்டவாளம். ஏணி ஒரு நூல் முறுக்கியிருந்தால் கடைசிப் பலகை வரைக்கும் அந்த முறுக்கு வரும். ஆகவே மட்டம் பார்ப்பதில் சோம்பல் கூடாது.

சாதாரணச் சங்கிலி இதற்கு ஆகாது. அது இழைக்குக் குறுக்கே வெட்டுவதற்காக, பல்லின் மேல்முகம் 30 பாகை அளவில் தீட்டப்பட்டது. இழையோடு கூடவே கிழிக்க 10 பாகை அளவில் தீட்டிய சங்கிலி வேண்டும். இயந்திரமும் சிறியது போதாது, 60 செ.மீ. மாமரத்துக்கு 90 சிசி பக்கம் போக வேண்டும். இதையெல்லாம் இரண்டு மரத்துக்காக வாங்குவது சரியா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் முதல் பலகையைத் திருப்பிப் போட்டு ரேகையைப் பார்க்கும் அந்த நிமிடத்துக்கு விலை போட முடியாது.

சாய்ந்த மாமரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. சாய்ந்து வளர்ந்த தண்டுக்குள் இழுவிசை அடைந்து கிடக்கும். அறுக்க அறுக்கப் பலகை வில்லாக வளைந்து ரம்பத்தைக் கவ்விப் பிடிக்கும். கையில் ஆப்புகளை வைத்துக்கொண்டு, வெட்டு நீள நீள ஒவ்வொன்றாகச் செருகிக்கொண்டே போக வேண்டும்.

மரவாடி | ஞாயிற்றுக்கிழமை, மதியம் 1.20

தம்பி ரம்பச்சத்தம், நீங்கள் பலகை அறுக்கிறீர்களா, தூள் அறுக்கிறீர்களா? சங்கிலி ஒவ்வொரு வெட்டிலும் 9 மில்லிமீட்டரைத் தின்றுவிடும். நாடாபோல் சுற்றி ஓடும் பட்டை ரம்பத்துக்கு இரண்டரை போதும். பலாவின் வைரம், அதாவது நடுவில் உள்ள கெட்டியான மரம், 30 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 25 மி.மீ. பலகையாகப் போட்டால் சங்கிலியில் 9 பலகை, பட்டை ரம்பத்தில் 11. சிறு மரத்தில் இரண்டு பலகை என்பது ஒரு கதவின் பாதி.

கொல்லைப்புறம் ஐயா, இன்னொரு கணக்கும் போடுங்கள். 3 மீட்டருக்கு 2.4 மீட்டர் கொட்டகையின் சுற்றளவு 10.8 மீட்டர். சுவர் 2.2 மீட்டர் உயரம் என்றாலும் கிட்டத்தட்ட 24 சதுர மீட்டர் பலகை வேண்டும். உங்கள் பலாவின் வைரம் 30 செ.மீ. வட்டம், 2 மீட்டர் நீளம், மொத்தமே 0.14 கன மீட்டர். அறுத்து, ஓரம் தட்டி எடுத்தால் 4 சதுர மீட்டர் வந்தாலே பெரிது. மாமரம் அளவில் பெரியதுதான், ஆனால் அதை வெளிச்சுவரில் அடிக்கலாமா என்பதைத் தச்சர் யாராவது சொல்லட்டும்.

தஞ்சைத்தச்சு | ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.50

ஐயா மரவாடி சொல்வதற்கு மேல் எனக்குத் தெரியாது. கை வைத்த மரங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஊரில் தச்சுக் குடும்பம், இங்கே உள்ளலங்கார வேலை.

பலாவும் மாவும் ஒரே கொல்லையில் நின்றாலும் ஒரே சாதி மரம் அல்ல. பலாவில் வெளிச்சுற்று வெளிறிக் கிடக்கும். அது பூச்சிக்குத் தீனி. உள்ளே வைரம் அறுத்த அன்று மஞ்சள் அரைத்ததுபோல் பளிச்சென்று இருக்கும். வெளிச்சம் பட்டுப் பட்டுக் கருந்தேன் நிறத்துக்கு இறங்கும். அந்த வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. தஞ்சாவூர் வீணைக் குடம் பலாதான், மிருதங்கக் கட்டையும் பலாதான். இழைப்புளிக்கு நன்றாகப் பணியும். பச்சையாக அறுக்கும்போது மட்டும் பால் வாளில் ஒட்டிக்கொண்டு எரிச்சலூட்டும். மண்ணெண்ணெய் நனைத்த துணி பக்கத்தில் இருந்தால் போதும். இளம் பலாவில் வைரம் விரல் கனம்கூட இராது. உங்களுடையது வயதான மரம் என்பதால் தைரியமாக இறங்கலாம்.

மாமரம் வேறு. பார்க்க அழகு. கறுப்பும் பழுப்புமாகக் கோடு ஓடிய அடிமரம் கிடைத்தால் மேசைக்கு அதைவிட என்ன வேண்டும்? ஆனால் மழையில் நனையும் இடத்தில் அது நிற்காது. வண்டும் பூஞ்சையும் மாவை விரும்பி வரும். வெளிச்சுவருக்கும் தூணுக்கும் மாவைப் போடாதீர்கள் ஐயா.

இன்னொன்று, மாம்பால் சிலருக்குத் தோலில் கொப்புளம் போடும். மாம்பழம் தின்று உதடு அரிக்கும் ஆட்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் தூளின் பக்கமே வர வேண்டாம். மற்றவர்களுக்கும் முகக்கவசம் கட்டாயம். மரத்தூளை உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவை, புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவிலேயே வைத்திருக்கிறது.

ஈரப்பதம் | திங்கட்கிழமை, காலை 6.45

அறுப்பதைப் பற்றி இத்தனை பேர் பேசியாகிவிட்டது. அறுத்ததை எங்கே வைப்பீர்கள்? இந்த ஊரில் அதுதான் கேள்வி.

மரம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஓர் உடன்பாட்டுக்கு வரும்வரை ஈரத்தை விட்டுக்கொண்டே இருக்கும். சிங்கப்பூர்க் காற்றின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கும் மேல். அந்தக் காற்றில் எத்தனை ஆண்டு அடுக்கி வைத்தாலும் பலகை சுமார் 15, 16 விழுக்காட்டுக்குக் கீழே இறங்காது. திறந்த கொட்டகைக்கு அது போதும், மிகச் சரியும்கூட. ஆனால் அதே மாம்பலகையை மேசையாக்கிக் குளிரூட்டிய அறையில் போட்டால் மேலும் 5 விழுக்காடு இறங்கும். 20 செ.மீ. அகலப் பலகை இரண்டு மூன்று மில்லிமீட்டர் சுருங்கும். மூட்டு திறக்கும், மேற்பரப்பு வளையும். குளிரறைக்குப் போகும் பலகை என்றால் உலர்த்து சூளைக்கு அனுப்பிவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அடுக்குவதில் குறுக்கு வழி கிடையாது. அடியில் மட்டமான தளம், பலகைக்குப் பலகை 2 செ.மீ. கனத்தில் உலர்ந்த குச்சிகள், குச்சிக்குக் குச்சி 40, 50 செ.மீ. இடைவெளி. எல்லா அடுக்கிலும் குச்சிகள் ஒன்றின் நேர்மேலே ஒன்றாக வர வேண்டும். தப்பினால் பலகை அந்த இடத்தில் தொங்கி, அப்படியே காய்ந்துவிடும். உச்சியில் கனமான கல். நேர்வெயில் படக்கூடாது; காற்று மட்டும் பக்கவாட்டில் ஊடுருவ வேண்டும்.

மேலே தார்ப்பாய் போடுவீர்கள். தார்ப்பாயின் குழியில் தண்ணீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும். டெங்கிக் காலத்தில் தேசிய சுற்றுப்புற வாரிய அதிகாரி கதவைத் தட்டினால், காற்றில் உலரும் பலகை என்று விளக்கிப் பயனில்லை. தார்ப்பாய்க்குப் பதிலாகச் சாய்த்து வைத்த நெளிதகடு போடுங்கள். தண்ணீர் ஓடிவிடும், பக்கங்களும் திறந்திருக்கும்.

பூச்சிக்கு: அறுத்தவுடன், பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த கரைசலில் முக்கி எடுங்கள். ஈரம் இருந்தால்தான் மருந்து உள்ளே பரவும். சில வாரங்கள் குச்சி வைக்காமல் நெருக்கி அடுக்கி மூடி வைத்து, பிறகு குச்சி போட்டுப் பிரித்து அடுக்க வேண்டும். மழையில் நனைந்தால் இந்த மருந்து கரைந்து போய்விடும் என்பதால் உள்வேலைக்கு மட்டுமே இதை நம்பலாம்.

கொல்லைப்புறம் | திங்கட்கிழமை, மதியம் 12.55

எல்லோருக்கும் நன்றி. 4 சதுர மீட்டர் என்ற கணக்கைப் பார்த்துவிட்டு மாமனார் தட்டில் கையை வைத்தபடி சற்று நேரம் பேசவில்லை. பிறகு "கதவாவது வருமா?" என்று கேட்டார்.

எனக்கு இரண்டு சந்தேகம். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓர் ஆண்டு உலர வேண்டும் என்று படித்தேன். அவ்வளவு காத்திருக்க வேண்டுமா? காய்ந்துவிட்டது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

மரவாடி | திங்கட்கிழமை, மாலை 6.30

அந்த ஓர் ஆண்டுக் கணக்கு குளிர்நாட்டுக்காரர்களுடையது. அங்கே பாதி ஆண்டு மரம் காய்வதே இல்லை. இங்கே வெப்பம் ஆண்டு முழுவதும் உண்டு. ஓர் அங்குலப் பலா நிழலில் நல்ல காற்றில் சில மாதங்களில் இறங்கிவிடும். ஆண்டின் கடைசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் அடுக்கிவிட்டால் நல்லது.

ஈரப்பதம் | திங்கட்கிழமை, இரவு 9.10

மரவாடி ஐயா சொல்வதை ஏற்கிறேன், ஆனால் சில மாதங்கள் என்பதை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு ஆணி அடிக்கக்கூடாது. அளந்து பாருங்கள். ஈரமானி மலிவாகவே கிடைக்கிறது. அது இல்லாவிட்டாலும் வழி உண்டு. பலகையின் முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே தள்ளி, விரல் அகலத்துக்கு ஒரு குறுக்குத் துண்டு அறுங்கள். உடனே சமையல் தராசில் நிறுத்து எழுதுங்கள். அடுப்பறைச் சூட்டடுப்பில் 100 பாகைக்குச் சற்று மேல் வைத்து, எடை இறங்குவது நிற்கும்வரை உலர்த்துங்கள். முதலில் 148 கிராம், கடைசியில் 100 கிராம் என்றால், போன 48 கிராமைக் காய்ந்த 100 கிராமால் வகுத்து 48 விழுக்காடு ஈரம் என்று கொள்ள வேண்டும். ஈர எடையால் வகுத்தால் கணக்கு பிழை. 16க்கு வந்து, இரண்டு மூன்று வாரம் அதே எண் நின்றால் வேலையைத் தொடங்கலாம்.

பலாப்பால் வாசனை அடுப்பில் இரண்டு நாள் இருக்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரும்புக்கொட்டகை | திங்கட்கிழமை, இரவு 10.40

மரம் வீணாகப் போகிறது என்ற வருத்தம் ஒருவருக்கும் வேண்டாம் என்பதற்காக ஒரு தகவல். கரையோரப் பூந்தோட்டத்தின் குளிர்க்கூடங்களைக் குளிர வைக்கும் ஆற்றலில் ஒரு பங்கு, தீவில் வெட்டப்படும் மரக்கழிவை எரித்துக் கிடைப்பதுதான். உங்கள் மாமரம் லாரியில் ஏறினாலும் யாரோ ஒரு சுற்றுலாப் பயணிக்குக் குளிர்காற்றாகப் போகக்கூடும்.

தஞ்சைத்தச்சு | திங்கட்கிழமை, இரவு 11.05

கிளைகள் போகட்டும் ஐயா. வயதான பலாவின் அடிமரத்தை எரிக்கக் கொடுக்க மனம் வராது.

மரவாடி | செவ்வாய்க்கிழமை, காலை 7.15

என் யோசனை இது. வேறு வழி தெரிந்தவர்கள் மறுக்கலாம்.

தூண், உத்தரம், வரிச்சட்டம் எல்லாவற்றுக்கும் கடையில் கபூர், பாலாவ் போன்ற கட்டுமான மரம் வாங்குங்கள். மரவாடியில் டன் கணக்கில் விலை சொன்னால் மிரள வேண்டாம். அது எடை அல்ல, 50 கன அடி. உங்களுக்கு அதில் ஒரு பங்குதான் தேவைப்படும். தூணை மண்ணில் புதைக்காதீர்கள். கான்கிரீட் கட்டையின் மேல் துத்தநாகம் பூசிய இரும்புக் கால் வைத்துத் தரையிலிருந்து ஒரு சாண் தூக்கி நிறுத்துங்கள். பழைய கம்பத்து (கிராமத்து) வீடுகள் கல்லின் மேல் நின்றதற்கு இதுவும் ஒரு காரணம்: கரையான் ஏறினால் அதன் மண்கோடு கண்ணில் பட வேண்டும். சுவருக்கும் கூரைக்கும் தகட்டுக் கொட்டகை நண்பரின் தகட்டையே போடுங்கள், அவரும் மகிழட்டும்.

பலா வைரத்தில் கதவும், நிலையும், மிஞ்சினால் சன்னல் சட்டமும். இவை மூன்றும் 4 சதுர மீட்டருக்குள் அடங்கும். தண்டின் மையத்தில் ஓடும் நடுக்குருத்தை எந்தப் பலகையிலும் சேர்க்காதீர்கள்; அது எப்படியும் வெடிக்கும். கதவுக்கு வட்டரேகை தெரியும் அகலப் பலகையைவிட, நேர்ரேகை ஓடும் ஒடுக்கப் பலகைகளைச் சேர்ப்பது மேல். மரம் தன் வளர்வட்டத்தின் போக்கில் சுருங்குவது, மையம் நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒடுக்கமாக இருந்தால் மழைக்காலத்தில் கதவு நிலையில் இறுகாது.

மாவில் வேலை மேசையின் மேல்பலகை, 5 செ.மீ. கனத்தில். கூரைக்குள்ளேயே இருக்கும், குளிரூட்டலும் இல்லை. மருந்தில் முக்கிவிட்டால் பயமில்லை.

அறுப்பதைக் கொல்லையில் செய்யாதீர்கள். பட்டை ரம்பம் வைத்துக் கூலிக்கு அறுத்துத் தருபவரைத் தேடுங்கள். பெரிய ஆலைக்கு இரண்டு கட்டை ஒரு பொருட்டல்ல. வீட்டு மரம் என்றாலே ஆணி இருக்கும் என்று தள்ளிவிடுவார்கள். உள்ளூர் மரங்களைத் தளவாடமாக்கும் சிறு பட்டறைகள் இருக்கின்றன, அங்கே கேளுங்கள். போகும் முன் உலோகம் கண்டறியும் கருவியால் கட்டை முழுவதும் தடவிப் பாருங்கள். துணிக்கொடி கட்டிய ஆணி, ஆர்க்கிட் தொட்டி மாட்டிய கம்பி, எல்லாவற்றையும் மரம் விழுங்கி வைத்திருக்கும். கண்டால் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, அறுப்பவரிடம் முதலிலேயே காட்டிவிடுங்கள்.

கொல்லைப்புறம் | செவ்வாய்க்கிழமை, இரவு 8.20

வரைபடத்தைப் பார்த்தேன், எங்கள் தெரு பாதுகாப்புப் பகுதிக்குள் வரவில்லை. வெட்டுபவரிடம் இரண்டு அடிமரமும் முழு நீளம் என்று குறுஞ்செய்தியிலேயே வாங்கிவிட்டேன். பலாவில் மாமனார் ஆணி அடித்த இடங்கள் அவருக்கே நினைவிருக்கின்றன. ஒன்று மாமியாரின் கொடி, இன்னொன்று தீபாவளி விளக்குச் சரம். கதவு என்றதும் அவரே தச்சு பார்க்க உட்கார்ந்துவிடுவார் போலிருக்கிறது.

மாமரத்தில் மேசைக்குப் போக இன்னும் நிறைய மிஞ்சும். கிளை பிரியும் கவட்டைப் பகுதி யாருக்காவது வேண்டுமா?

ரம்பச்சத்தம் | செவ்வாய்க்கிழமை, இரவு 8.24

கவட்டை எனக்கு. லாரிக்கூலியில் பாதி நான் தருகிறேன். அதையும் ஒரு மீட்டருக்குக் குறையாமல் வெட்டச் சொல்லுங்கள், முனைக்குப் பெயின்ட் நானே கொண்டுவருகிறேன்.

தஞ்சைத்தச்சு | செவ்வாய்க்கிழமை, இரவு 9.30

கதவுக்கு இரும்புக் கீல் வேண்டாம் ஐயா, துருவின் கறை பலாவில் ஏறும். பித்தளையோ துருவேறா எஃகோ வாங்குங்கள். மூன்று கீல், நான்கு அங்குலம்.